ஜெர்மனியின் சிறைகள், தூக்குக் கொட்டகைகள், நீதிமன்றங்கள்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

அக்டோபரில் பத்து நாள் ஜெர்மனி வருகிறீர்கள், கூடவே பதின்மூன்று வயது மகளும் வருகிறாள். பழைய சிறைகள், மரண தண்டனை நிறைவேற்றிய இடங்கள், பெரிய வழக்குகள் நடந்த நீதிமன்றங்கள் இவற்றில் எவை பார்க்கத் தக்கவை, இப்படிப்பட்ட இடங்களுக்குச் சுற்றுலாவாகப் போவது சரிதானா, மகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

போவது சரிதான். இந்த இடங்களில் பெரும்பாலானவற்றை நினைவிடமாக்கச் சொல்லிப் போராடியவர்கள் அங்கே அடைபட்டிருந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான். நாலு பேர் வந்து பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஆனால் வருகிறவர்களில் பலர் ஒரு வதைமுகாம், ஒரு சித்திரவதை அருங்காட்சியகம் என்று பார்த்துவிட்டு, ‘சில கொடூரர்கள் இதையெல்லாம் செய்தார்கள்’ என்ற எண்ணத்தோடு ஊர் திரும்புகிறார்கள். நாஜி ஆட்சியில் ராணுவம் சாராத நீதிமன்றங்கள் மட்டும் ஏறக்குறைய 16,000 மரண தண்டனை விதித்தன. ராணுவ நீதிமன்றங்களின் கணக்கு அதைவிடப் பெரிது. சட்டம் படித்தவர்கள் வாதம் கேட்டு, தீர்ப்பெழுதி, முத்திரை குத்தி அனுப்பிய சாவுகள் அவை. அதனால் நான் சொல்லும் வழி இது: உயிர் போன இடம் ஒன்றைப் பார்த்தால், அதற்கு உத்தரவு கிளம்பிய நீதிமன்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் அந்த நீதிபதிக்குப் பிறகு என்ன ஆனது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் இது மூன்றையும் செய்ய முடியும்.

பெர்லினில் தொடங்குங்கள். முதல் இடம் ப்ளோட்சென்சே. பெர்லின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து 123-ஆம் எண் பேருந்து போகும். கட்டணம் கிடையாது. இறங்கி நடந்தால் உயரமான சுவர், அதற்குப் பின்னால் ஒரு செங்கல் கொட்டகை, அதில் இரண்டே அறை. பக்கத்துச் சிறைச்சாலை இன்றும் இயங்குகிறது. 1933-லிருந்து 1945 வரை இந்தக் கொட்டகையில் 2,891 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஜெர்மானியர், மற்றவர்களில் செக் நாட்டவர்கள்தான் அதிகம். முதலில் கோடரி, பிறகு தலையை வெட்டும் இயந்திரமான கில்லட்டின், 1942 கடைசியில் கூரைக்குக் கீழே ஓர் இரும்பு உத்தரம் போட்டு அதில் எட்டுக் கொக்கி மாட்டினார்கள். அந்த உத்தரமும் சில கொக்கிகளும் இன்னும் இருக்கின்றன. அறையில் வேறொன்றும் இல்லை.

1943 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு விமானத் தாக்குதலில் இந்தச் சிறை சேதமடைந்தது, கில்லட்டினும் பழுதானது. அப்போது மரண தண்டனைக் கைதிகள் 300-க்கும் மேல் உள்ளே இருந்தார்கள். கருணை மனுக்களைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலிடத்து நெருக்கடி. நீதி அமைச்சகம் பெயர்களைத் தொலைபேசியில் படிக்கப் படிக்க, இங்கே எட்டெட்டுப் பேராகத் தூக்கிலிட்டார்கள். செப்டம்பர் 7 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் 186 பேர். சில நாளில் எண்ணிக்கை 250-ஐத் தாண்டிவிட்டது. அவசரத்தில், உத்தரவே வராத சிலரையும் தூக்கில் போட்டார்கள். அந்த முதல் இரவில் இறந்தவர்களில் கார்ல்ராபர்ட் க்ரைட்டன் என்ற பியானோ கலைஞரும் ஒருவர். வயது 27. ஹிட்லரைப் பற்றியும் போரைப் பற்றியும் ஒரு வீட்டுக்குள் வைத்து அவர் பேசியதைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கண்காட்சி அறையில் பொறுமையாக நேரம் செலவிடுங்கள், அங்கே இருப்பதெல்லாம் காகிதம். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகம் பில் அனுப்பியது: சிறையில் இருந்த நாளுக்கு 1.50 மார்க், தண்டனை நிறைவேற்ற 300 மார்க், அந்தப் பில்லை அனுப்பிய தபால் செலவு 12 ஃபென்னிக் (நூறு ஃபென்னிக் ஒரு மார்க்). கொக்கிகளைப் பார்த்தபோது வராத கோபம் எனக்கு அந்த 12 ஃபென்னிக்கைப் பார்த்தபோது வந்தது. ஓர் எழுத்தர் உட்கார்ந்து அதைக் கூட்டி எழுதியிருக்கிறார், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். உடல்களையும் குடும்பத்துக்குத் தரவில்லை. பலருடைய உடல்கள் பெர்லின் உடற்கூறியல் துறைக்குப் போயின. ஹெர்மன் ஸ்டீவ் என்ற பேராசிரியர் பெண் கைதிகளின் உடல்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். அவர் வைத்திருந்த, உடல் திசு ஒட்டிய நுண்ணோக்கிச் சில்லுகள் 300-க்கும் மேல் பின்னாளில் கிடைத்தன. 2019-ல் அவற்றை பெர்லினின் டோரோதீன்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதே நாளில் க்ளைஸ்ட் பூங்காவில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போய்விடுங்கள். ஹிட்லரைக் கொல்ல 1944 ஜூலை 20-ல் நடந்த முயற்சி தோற்றதும், ‘மக்கள் நீதிமன்றம்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த அரசியல் நீதிமன்றம் இந்தக் கட்டடத்தில் கூடியது. தலைமை நீதிபதி ரோலாண்ட் ஃப்ரைஸ்லர். முதல் வழக்கில் நின்ற எட்டுப் பேரில் ஒருவரான ஃபீல்ட் மார்ஷல் விட்ஸ்லேபனுடைய பெல்ட்டை முன்பே பிடுங்கிக்கொண்டதால், நழுவும் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். ஃப்ரைஸ்லர் கூச்சலிட்ட கூச்சலில், படம் பிடித்தவர்களுக்கு ஒலிப்பதிவே சிக்கலானது. 1944 ஆகஸ்ட் 8 மதியம் தீர்ப்பு, அன்றைக்கே ப்ளோட்சென்சேயில் எட்டுப் பேரும் தூக்கில். நீங்கள் காலையில் பார்த்த கொக்கிகள்தான் அவை. பதினான்கு மாதம் கழித்து, 1945 அக்டோபர் 18-ல், நாஜித் தலைவர்களை விசாரிக்க அமைந்த சர்வதேச ராணுவ நீதிமன்றம் தன் முதல் அமர்வை இதே கட்டடத்தில் நடத்திக் குற்றப்பத்திரிகையைப் பெற்றுக்கொண்டது. இப்போது அது மறுபடியும் சாதாரண நீதிமன்றம். உள்ளே போக முடியாத நாளாக இருந்தால் பூங்காவிலிருந்து முகப்பைப் பார்த்தாலும் போதும்.

ஃப்ரைஸ்லர் 1945 பிப்ரவரி 3-ல் குண்டுவீச்சில் செத்துப்போனார். மக்கள் நீதிமன்றம் மொத்தம் 5,000-க்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் விதித்தது. அங்கே தொழில்முறை நீதிபதியாக இருந்த ஒருவர்கூட மேற்கு ஜெர்மனியில் இறுதியாகத் தண்டிக்கப்படவில்லை. ஹான்ஸ் யோவாஹிம் ரேஸே என்பவர் 230-க்கும் அதிகமான மரண தீர்ப்புகளில் கையெழுத்துப் போட்டவர். அவருக்கு 1967-ல் ஐந்தாண்டு சிறை விதித்தார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மறு விசாரணையில் விடுதலையானார். ஃப்ரைஸ்லரின் மனைவிக்கு, ‘கணவர் உயிரோடு இருந்திருந்தால் வக்கீலாகவோ பெரிய அதிகாரியாகவோ நன்றாகச் சம்பாதித்திருப்பார்’ என்று கணக்குப் போட்டு 1974-ல் ஓய்வூதியத்தை உயர்த்தினார்கள். இது 1985-ல்தான் வெளியே தெரிந்தது. அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் பொதுவாக ரத்து செய்யும் சட்டம் வந்தது 1998-ல். ராணுவத்தை விட்டு ஓடியவர்கள் 2002 வரைக்கும், ‘போர்த் துரோகிகள்’ என்று சாகடிக்கப்பட்டவர்கள் 2009 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் அறுபது எழுபது வருடம் துரோகியின் பிள்ளை என்ற பெயரோடு வாழ்ந்திருக்கிறார்கள். ப்ளோட்சென்சேக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

பெர்லினில் இன்னொரு நாளை ஹோஹென்ஷோன்ஹௌசனுக்கு ஒதுக்குங்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசியின் விசாரணைச் சிறை அது. எம்5 டிராமில் போய் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். முதலில், 1945-ல், சோவியத் முகாமாக இருந்தது. அப்புறம் நிலவறையில் ஜன்னலே இல்லாத அறைகள் கட்டினார்கள். கைதிகள் அதை ‘நீர்மூழ்கிக் கப்பல்’ என்றார்கள். 1951-ல் ஸ்டாசி கைக்கு வந்தது. ஐம்பதுகளின் கடைசியில் கட்டிய புதிய கட்டடத்தில் அடியும் உதையும் குறைந்து, வேறு வழிகள் வந்தன. அன்றைய நகர வரைபடத்தில் இந்த இடமே கிடையாது. கைதியை ஏற்றி வரும் வேனின் வெளியே மீன், காய்கறி என்று எழுதியிருக்கும். உள்ளே இருட்டு. நேராக வந்தால் சில நிமிடத்தில் வந்துவிடும் தூரத்தை மணிக்கணக்கில் சுற்றி வருவார்கள், எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாமல் போவதற்காக.

நடைபாதையில் மேலே கவனியுங்கள், சிறிய விளக்குகள் இருக்கும். ஒரு கைதியை அழைத்துப் போகும்போது சிவப்பு எரியும். எதிரே இன்னொரு கைதி வந்தால் அவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் இருந்தாலும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. இரவில் மல்லாந்துதான் படுக்க வேண்டும், கை போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை விளக்குப் போட்டுப் பார்ப்பார்கள். விசாரணை அறைகள் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பூப்போட்ட சுவர்த்தாள், மேசை, தொலைபேசி, திரைச்சீலை. ஒரு சாதாரண வட்டாட்சியர் அலுவலகம் மாதிரி இருக்கும். கைதி பேசக்கூடிய ஒரே மனிதர் விசாரணை அதிகாரிதான், அதனால் நாளாக ஆக அவரிடம் பேச மனம் ஏங்கும். அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

இங்கே வழிகாட்டிகளில் சிலர் அங்கேயே அடைபட்டிருந்தவர்கள். முன்பதிவு செய்யும்போது ஆங்கிலச் சுற்று எப்போது என்று கேளுங்கள், முன்னாள் கைதி நடத்துவது கிடைத்தால் விடாதீர்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை வருடம் இந்த வாய்ப்பு இருக்கும் என்று தெரியாது. கேள்வி கேட்கலாம், பதில் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பொருத்தமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ரத்தம் கிடையாது, ஆனால் எல்லாம் புரியும்.

நேரம் இருந்தால் பெர்லினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய பிராண்டன்பர்க் நகரம். அங்கே பழைய சிறை வளாகத்தில் 1940-ல் மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் விஷவாயு வைத்துக் கொன்றார்கள், ஒரே ஆண்டில் 9,000-க்கும் மேல். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். இன்று அங்கே இருப்பது சிறிய கண்காட்சி, கட்டடத்தின் அடித்தளம், அவ்வளவுதான். மகளை இங்கே அழைத்துப் போக வேண்டாம் என்பேன். ஆனால் நீங்கள் போக வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. அதே ஊரில் லோத்தார் க்ரைஸிக் என்ற ஒரு நீதிபதி இருந்தார். ஆதரவற்ற நோயாளிகளுக்கு நீதிமன்றம் சார்பில் பாதுகாவல் பார்ப்பது அவர் வேலை. தன் பொறுப்பில் இருந்தவர்கள் வரிசையாக ‘இறந்துவிட்டார்கள்’ என்று கடிதம் வருவதைக் கவனித்தார். 1940 ஜூலையில் நீதி அமைச்சருக்கு எழுதினார். தன் அனுமதியில்லாமல் யாரையும் மாற்றக் கூடாது என்று மருத்துவமனைகளுக்குத் தடை உத்தரவு போட்டார், கொலைக் குற்றம் என்று புகாரும் கொடுத்தார். ஹிட்லரின் விருப்பத்தைச் சட்டமாக ஏற்க முடியாவிட்டால் நீங்கள் நீதிபதியாக இருக்க முடியாது என்று அமைச்சர் நேரில் சொன்னார். க்ரைஸிக் ஏற்கவில்லை. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தது அவ்வளவுதான். அவரைச் சிறையில் போடவில்லை, ஓய்வூதியமும் கொடுத்தார்கள். ‘மறுத்திருந்தால் எங்களையும் கொன்றிருப்பார்கள்’ என்று போருக்குப் பிறகு சொன்ன மற்ற நீதிபதிகளின் பேச்சைக் கேட்கும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

தெற்கே போகும் வழியில் லைப்சிக்கில் ஒரு இரவு தங்கினால் நல்லது. பழைய பேரரசு உச்ச நீதிமன்றக் கட்டடம் அங்கே இருக்கிறது, இப்போது கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம். 1933 பிப்ரவரி 27-ல் பெர்லினில் நாடாளுமன்றம் எரிந்த வழக்கு இங்கேதான் தொடங்கியது, தீர்ப்பும் இங்கேதான் வந்தது. குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட டச்சு இளைஞர் மரினுஸ் வான் டெர் லூபே. தீ வைத்த நாளில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது. மார்ச் கடைசியில் ஒரு சட்டம் போட்டு, அதை முன்தேதியிட்டு அமலாக்கி, 1934 ஜனவரியில் லைப்சிக்கிலேயே தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பைச் செல்லாது என்று அறிவிக்க 2007 டிசம்பர் ஆனது. சட்டம் படித்தவர்களுக்கு, படிக்கப் போகிறவர்களுக்கு, இந்தக் கட்டடத்தை நான் எப்போதும் சிபாரிசு செய்வேன்.

அதே லைப்சிக்கில், நகரின் தெற்குப் பகுதியில், பார்த்தால் சாதாரணச் சிறைக் கட்டடமாகத் தெரியும் ஓர் இடத்தில் கிழக்கு ஜெர்மனி 1960 முதல் தன் மரண தண்டனைகளை எல்லாம் நிறைவேற்றியது. 1968-லிருந்து துப்பாக்கி. கைதியை ஓர் அறைக்குள் அழைத்து வருவார்கள், கருணை மனு தள்ளுபடி என்று சொல்வார்கள், பின்னாலிருந்து ஒருவர் தலையில் சுட்டுவிடுவார். கடைசியாக 1981 ஜூன் 26-ல் ஸ்டாசி கேப்டன் வெர்னர் டெஸ்கே. மேற்குக்கு ஓட நினைத்து ஆவணங்களை வீட்டில் பதுக்கியதுதான் அவர் செய்தது, ஓடவே இல்லை. இந்த இடம் வருடத்தில் ஒருசில நாள்தான் பொதுமக்களுக்குத் திறக்கும் வழக்கம். உங்கள் தேதியில் திறந்திருக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள், வெளியே நின்று பார்க்கவும் ஒன்றும் இல்லை.

வைமாரில் இறங்கினால் புக்கன்வால்டு வதைமுகாம். அங்கே பழைய அணிவகுப்புத் திடலில் தரையோடு பதித்த ஓர் உலோகத் தகடு உண்டு, கைதிகள் வந்த நாடுகள், இனங்களின் பெயர் பொறித்தது. வருடம் முழுக்க 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள், மனித உடலின் சூடு. பனி பெய்தாலும் அதன் மேல் தங்காது. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

இனி நியூரம்பெர்க். பெர்லினில் குற்றப்பத்திரிகையைப் பெற்ற அந்தச் சர்வதேச ராணுவ நீதிமன்றம் நாஜித் தலைவர்களை விசாரித்தது இங்கேதான். விசாரணை நடந்த 600-ஆம் எண் நீதிமன்ற அறைக்கு ஊர் மையத்திலிருந்து யு1 சுரங்க ரயிலில் பேரன்ஷான்ஸே நிறுத்தம். படங்களில் பார்த்ததைவிடச் சிறியதாக இருப்பதாகத் தோன்றும். விசாரணைக்காக 1945-ல் பின்சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கியிருந்தார்கள், பிற்பாடு பழையபடி சுவர் எழுப்பிவிட்டார்கள். 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை விசாரணை. தீர்ப்பில் 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை. குற்றவாளிக் கூண்டு இருந்த பக்கச் சுவரில் ஒரு கதவு இருக்கும். அதன் பின்னால் இருந்த லிப்ட் வழியாகத்தான் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். மாடியில் உள்ள கண்காட்சியில் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைப் பாருங்கள். நான்கு மொழிகள், எல்லார் காதிலும் கருவி. பேசுகிறவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு, நிறுத்த வேண்டுமென்றால் சிவப்பு. இவ்வளவு பெரிய அளவில் உடனுக்குடன் மொழிபெயர்த்து ஒரு வழக்கு நடந்தது அதுதான் முதல் முறை. எனக்கு மிகவும் பிடித்த தகவல் வேறு: அந்த அறை 2020 வரை சாதாரணக் கொலை வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றமாகவே இருந்தது. அதுவரை வழக்கு இல்லாத நாளில்தான் பார்வையாளர்களை விட்டார்கள்.

எல்லாரும் அங்கே கூண்டில் நின்ற நாஜித் தலைவர்கள் கோரிங்கையும் ஹெஸ்ஸையும் பற்றியே கேட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் 1947-ல் இதே நீதி மாளிகையில் நடந்த நீதிபதிகள் வழக்கின் பகுதியில் நில்லுங்கள். நாஜி நீதித்துறையின் உயர் அதிகாரிகள், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள் 16 பேர் மேல் குற்றச்சாட்டு, பத்துப் பேர் குற்றவாளிகள், நால்வருக்கு ஆயுள். ‘கொலைகாரனின் குத்துவாள் சட்ட வல்லுநரின் அங்கிக்குள் மறைந்திருந்தது’ என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆயுள் பெற்றவர்களில் முக்கியமானவர் ஃப்ரான்ஸ் ஷ்லேகல்பெர்கர், கொஞ்ச காலம் நீதி அமைச்சர் பொறுப்பையே பார்த்தவர். உடல்நலம் சரியில்லை என்று சில ஆண்டிலேயே வெளியே வந்துவிட்டார். அதன் பிறகு 94 வயது வரை வாழ்ந்தார்.

நியூரம்பெர்க்கில் இன்னும் பழைய காலமும் உண்டு. பழைய நகர மன்றத்துக்கு அடியில் சின்னஞ்சிறிய கொட்டடிகள், ஒரு சித்திரவதை அறை. பெக்னிட்ஸ் ஆற்றின் மேல் தண்டனை நிறைவேற்றுபவரின் வீடு. அங்கே 1578 முதல் 1617 வரை வேலை பார்த்த ஃப்ரான்ஸ் ஷ்மிட் தான் கொன்ற ஒவ்வொருவரையும் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருந்தார், 350 பேருக்கு மேல். அவருடைய அப்பா கட்டாயப்படுத்தப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்ததால் குடும்பமே தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்டது. ஓய்வுபெற்ற பிறகு பேரரசருக்கு மனுப் போட்டு, 1624-ல் தன் பிள்ளைகளுக்காக அந்த இழிவை நீக்கி வாங்கினார். கைதிகளின் காயத்துக்கு மருந்து போடுவதும் அவர் வேலையில் சேர்ந்தது, கடைசி காலத்தில் வைத்தியம் பார்த்தே பிழைத்தார்.

ரோத்தன்பர்க்கின் குற்றவியல் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்லிப் பலர் சொல்வார்கள். நல்ல இடம்தான், ஆனால் ‘இரும்புக் கன்னி’ முன்னால் படம் எடுத்துக்கொண்டு அதோடு போய்விடாதீர்கள். உள்ளே ஆணி வைத்து மனிதரைக் குத்திக் கொல்லும் அந்தப் பெட்டி இடைக்காலத்தில் பயன்பட்டதற்கு ஆதாரம் இல்லை, 18, 19-ஆம் நூற்றாண்டின் கற்பனை. அதற்குப் பதில் பாம்பர்க் போகலாம். 1626 முதல் 1631 வரை அங்கே நடந்த சூனியக்காரி வழக்குகளில் நூற்றுக்கணக்கான பேர் சிக்கினார்கள். நகரத் தலைவராக இருந்த யோஹானஸ் யூனியுஸும் அதில் ஒருவர். கட்டைவிரல் திருகியால் நசுக்கிய கையால் 1628 ஜூலை 24-ல் மகள் வெரோனிகாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குற்றமில்லாமல் சிறைக்கு வந்தேன், குற்றமில்லாமல் வதைபட்டேன், குற்றமில்லாமல் சாகப் போகிறேன் என்கிறார். ஏதாவது கட்டிச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் விடமாட்டார்கள் என்று தண்டனை நிறைவேற்றுபவரே தன்னிடம் கெஞ்சியதையும் எழுதுகிறார். அந்தக் கடிதம் பாம்பர்க் அரசு நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பேனா மேலும் கீழும் தடுமாறியிருக்கும் அந்தக் கோடுகளின் படத்தையாவது உங்கள் மகளுக்குக் காட்டுங்கள்.

கடைசியாக மியூனிக். நீதி மாளிகையில் 253-ஆம் எண் அறையில், நாஜி ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பிய ‘வெள்ளை ரோஜா’ மாணவர்கள் வழக்கைப் பற்றி நிரந்தரக் கண்காட்சி இருக்கிறது. 1943 ஏப்ரலில் இரண்டாவது வழக்கு நடந்த அறை அது. வேலை நாளில் போக வேண்டும், வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. முதல் வழக்கு பிப்ரவரி 22 அன்று, அதே மாளிகையில். துண்டறிக்கை வீசியதாக ஹான்ஸ் ஷோல், அவர் தங்கை சோஃபி இருவரையும் 18-ஆம் தேதி பிடித்தார்கள். ஃப்ரைஸ்லர் பெர்லினிலிருந்து வந்தார். காலையில் விசாரணை, மதியம் தீர்ப்பு, மாலை ஐந்து மணிக்கு ஸ்டாடல்ஹைம் சிறையில் கில்லட்டின். ஹான்ஸ் ஷோல் 24, சோஃபி ஷோல் 21, கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் 23 வயது. ஸ்டாடல்ஹைம் இன்றும் சிறை, உள்ளே விட மாட்டார்கள். அதை ஒட்டிய பெர்லாஹர் ஃபோர்ஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கொன்ற யோஹான் ரைஹார்ட், போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்துக்காக லான்ட்ஸ்பெர்க் சிறையில் நாஜிக் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டார். வேலை கொடுத்தவர்கள்தான் மாறியிருந்தார்கள். அந்தக் கில்லட்டின் 2014-ல் ஓர் அருங்காட்சியகக் கிடங்கில் அடையாளம் காணப்பட்டது. காட்சிக்கு வைப்பதில்லை என்று பவேரிய அரசு முடிவெடுத்தது, அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மியூனிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் டாஹாவ் வதைமுகாமுக்கு எஸ்2 ரயில், பிறகு 726 பேருந்து. சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்பது அவர்கள் அறிவுரை. உங்கள் மகள் வரலாம், ஆனால் தகனக் கூடத்துக்குள் வருவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். முகாம் திறந்த மூன்றே வாரத்தில், 1933 ஏப்ரல் 12-ல், நான்கு யூதக் கைதிகளைச் சுட்டுவிட்டு ‘தப்பி ஓட முயன்றார்கள்’ என்றார்கள். மறுநாளே மியூனிக்கிலிருந்து யோசஃப் ஹார்ட்டிங்கர் என்ற அரசு வழக்கறிஞர் ஒரு மருத்துவரோடு அங்கே போனார். காயங்களைப் பதிவு செய்தார், முகாம் தளபதி பெயரையும் சேர்த்துக் குற்றப்பத்திரிகை தயார் செய்தார். மேலே உள்ளவர்கள் அதை அலமாரியில் போட்டுப் பூட்டினார்கள். போருக்குப் பிறகு அந்தக் காகிதங்கள் கிடைத்து, நியூரம்பெர்க் விசாரணையில் ஆதாரமாயின. இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு பெயரும் தகனக் கூடத்தில் உண்டு: நூர் இனாயத் கான், திப்பு சுல்தானின் வழிவந்தவர், பிரிட்டனுக்காகப் பாரிசிலிருந்து ரகசியமாக வயர்லெஸ் கருவியில் செய்தி அனுப்பியவர். விசாரணை, தீர்ப்பு எதுவும் இல்லாமல் 1944 செப்டம்பர் 13-ல் வேறு மூன்று பெண்களோடு சுடப்பட்டார்.

நடைமுறை விஷயங்கள் சில. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதிகம் போனால் நீதிமன்றத்தோடு சேர்த்து இரண்டு. நடுவில் ஒரு நாளாவது ஏரி, மலை, ஐஸ்கிரீம் என்று மகளோடு சுற்றுங்கள். பல இடங்களுக்குத் திங்கள் விடுமுறை, சில இடங்களுக்கு வேறு நாள், ஒவ்வொன்றின் இணையதளத்தையும் கிளம்பும் முன் பாருங்கள். நினைவிடங்களில் சாப்பிடுவது, சத்தமாகப் பேசுவது கூடாது. செல்ஃபி வேண்டவே வேண்டாம். நாஜி வணக்கம் போல விளையாட்டாகக் கை தூக்கினால்கூட ஜெர்மனியில் அது குற்றம், சுற்றுலாப் பயணிகளைக் கைது செய்திருக்கிறார்கள். கழுத்தில் ஸ்வஸ்திக் டாலரோ அந்தச் சின்னம் போட்ட துணிப்பையோ இருந்தால் விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோயில் சின்னத்தைக் குறிவைத்து வந்த சட்டமில்லை அது, ஆனால் பக்கத்தில் நிற்பவர் தன் தாத்தா பெயரைத் தேடி வந்தவராக இருக்கலாம்.

தண்டனை பெறாத நீதிபதிகள் விஷயம் அப்படியே முடிந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். 1995 நவம்பரில், மரண தண்டனை விதித்த ஒரு கிழக்கு ஜெர்மன் நீதிபதியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தபோது, அதே கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் நாஜி நீதிபதிகள் விஷயத்தில் தன் பழைய போக்கு தவறானது என்று தீர்ப்பிலேயே எழுதியது. அப்போது ரேஸே இறந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.